நொய்யலில் ஏறிய சாயம்: தொழில் வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரம் வளர்ந்தால் சுற்றுச்சூழல் என்னவாகும் என்பதைப் பொதுப்படையாகக் கேட்டால், பதிலும் பொதுப்படையாகவே நின்றுவிடுகிறது. ஆகவே இங்கே ஓர் ஊரையும் ஓர் ஆற்றையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஊர் திருப்பூர், ஆறு நொய்யல். நாற்பது ஆண்டுகளுக்குள் வளர்ச்சி, சீரழிவு, வழக்கு, கதவடைப்பு, தொழில்நுட்ப மாற்றம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஊர் பார்த்துவிட்டதால், இந்தக் கேள்விகளைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது இதை எழுதுபவரின் எண்ணம்.

தொழில் வளர்ந்தால் சுற்றுச்சூழல் கெட்டுத்தான் ஆக வேண்டுமா?

கெட்டே தீரும் என்று விதி எதுவும் இல்லை. அதேபோல, தானாகவே தப்பிவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பொருளியலாளர்கள் இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். முதலாவது, உற்பத்தியின் அளவு: வேறு எதுவும் மாறாமல் துணி மட்டும் இரண்டு மடங்கு ஆனால் கழிவும் இரண்டு மடங்காகும். இரண்டாவது, தொழில்களின் சேர்க்கை: உழவும் கைத்தறியும் இருந்த வட்டாரத்தில் சாயப்பட்டறைகள் பெருகினால், ஒரு ரூபாய் வருமானத்துக்கு வெளியேறும் கழிவு கூடும், சாயமேற்றும் வேலை வேறிடம் போய்த் தையல் மட்டும் நின்றால் அது குறையும். மூன்றாவது, செய்முறை: அதே துணியைக் குறைந்த நீரிலும் குறைந்த உப்பிலும் முடிக்கக் கற்றுக்கொண்டால் கழிவு இறங்கும். ஓர் ஊரின் காற்றும் நீரும் எந்தப் பக்கம் போகும் என்பது இந்த மூன்றில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்தது. திருப்பூரில் முதல் இரண்டும் 1980களிலேயே ஓடத் தொடங்கின. மூன்றாவது வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆனது. அதுவும் நீதிமன்றம் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தது.

திருப்பூரில் தொழில் எப்படி மாறியது?

பின்னலாடை இந்த ஊருக்குப் புதிதல்ல. சுதந்திரத்துக்கு முன்பே இங்கே பனியன் கம்பெனிகள் இருந்தன. ஆனால் அவை உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை உள்பனியன் செய்தவை. வெள்ளைப் பனியனுக்குச் சலவை போதும், சாயம் வேண்டியதில்லை. 1970களின் இறுதியில் ஐரோப்பியக் கொள்முதலாளர்கள் வரத் தொடங்கியபோது நிலைமை மாறியது. வெளிநாட்டுக்குப் போகும் டி-சர்ட்டுகள் கருநீலத்திலும் சிவப்பிலும் கறுப்பிலும் போக வேண்டியிருந்தன. 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 2010-11இல் 12,000 கோடியைத் தாண்டியது. அண்மை ஆண்டுகளில் அது 30,000 கோடிக்கும் மேல். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் இந்த ஏற்றம் மிகப் பெரியது.

ஏற்றுமதிக் கணக்கைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பெருகியது துணியின் அளவு மட்டுமன்று. வெள்ளைத் துணி வண்ணத் துணியாக மாறியது. சலவைப்பட்டறையும் சாயப்பட்டறையும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் பெருகி, 1990களின் இறுதியில் எழுநூறு, எண்ணூறு என்ற நிலையை எட்டின. மேலே சொன்ன இரண்டாவது காரணமான தொழில்களின் சேர்க்கை, இங்கே ஒரே தொழிலின் உள்ளுக்குள்ளேயே மாறியிருக்கிறது.

ஆற்றைக் கெடுத்தது சாயமா?

கண்ணுக்குத் தெரிந்தது சாயம். நிலத்தைக் கெடுத்தது பெரும்பாலும் உப்பு. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாச் சிக்கல்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் என்னும் வகைச் சாயம் பயன்படுகிறது. நீரில் நனைந்த பருத்தி இழையும் எதிர்மின்னூட்டம் கொண்டது, கரைந்த சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டது, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை இழைக்குள் அனுப்பத்தான் உப்பு. சமையல் உப்போ சோடியம் சல்பேட்டோ கிலோக் கணக்கில் தொட்டிக்குள் போகும்; அதன் பிறகு சோடா உப்பு சேர்த்துச் சாயத்தை இழையோடு பிணைப்பார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும், மீதி கழுவலில் போகும். உப்போ துணியில் தங்குவதே இல்லை. தொட்டிக்குள் போனது ஒரு பிடி குறையாமல் வெளியே வரும்.

ஒரு கணக்குப் போடலாம். 100 கிலோ துணிக்கு அடர்ந்த கருநீலம் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாயமேற்றும் பழைய விஞ்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் என்ற கணக்கில் 2,000 லிட்டர் நீர் பிடிக்கும். லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்றால் 160 கிலோ உப்பு. அதாவது துணியின் எடையைவிட உப்பின் எடை அதிகம். பின்னால் வந்த சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் கிலோவுக்கு 6 லிட்டர் போதும். அதே அடர்த்தியில் உப்பு 48 கிலோவாக இறங்கிவிடுகிறது. செய்முறை மாற்றம் என்று பொருளியல் புத்தகங்கள் சொல்வது பட்டறைக்குள் இப்படித்தான் தெரிகிறது: நூற்றிப்பன்னிரண்டு கிலோ உப்பு மிச்சம்.

சாயத்தைச் சுண்ணாம்பு போட்டுப் படிய வைக்கலாம். அழுக்கை நுண்ணுயிர் தின்னும். உப்பை எதுவும் தின்னாது. அது கரைந்தே கிடக்கும், நீர் ஆவியானால் செறிவு இன்னும் ஏறும். தமிழ்நாட்டில் ஆற்றில் விடப்படும் கழிவுநீரில் மொத்தக் கரைதிடப்பொருள், அதாவது எல்லோரும் டி.டி.எஸ். என்று சொல்வது, லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. சாயக்கழிவில் அது பல ஆயிரமாக இருந்தது. நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர் வெளியேறிய காலத்தில், லிட்டருக்கு 5 கிராம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு நாளும் 400 டன் உப்பு ஆற்றுக்குப் போயிருக்கிறது.

மற்ற ஆறுகளும் கழிவைச் சுமக்கின்றன. நொய்யல் மட்டும் ஏன் இவ்வளவு கெட்டது?

நொய்யல் வற்றாத ஆறு அல்ல. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் கலக்கும் இந்த ஆற்றில், மழைக்காலம் தவிர மற்ற நாள்களில் இயற்கையாக வரும் நீர் மிகக் குறைவு. காஞ்சிமாநதி என்று பழைய பெயர். அணைக்கட்டுகளும் குளங்களும் சங்கிலியாகக் கோத்த பழைய பாசன அமைப்பு இந்த ஆற்றில் இருந்ததே, கிடைக்கும் கொஞ்ச நீரையும் பிடித்து வைக்க வேண்டிய மழைமறைவு நிலம் என்பதால்தான். அப்படிப்பட்ட ஆற்றில் கழிவை விட்டால் கலந்து கரைந்து போக நீர் இருக்காது. கோடையில் திருப்பூருக்குக் கீழே ஓடியது ஆறு அன்று, கழிவுநீர்தான்.

நீர் இல்லாத ஊரில் நீரை உறிஞ்சும் தொழில் எப்படி வளர்ந்தது என்றும் கேட்கலாம். லாரித் தண்ணீரால் வளர்ந்தது. ஊர்க் கிணற்று நீர் கடினநீராகிச் சாயத்துக்கு ஒவ்வாமல் போனபோது, சுற்றுப்புறக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் இரவுபகலாக நீர் கொண்டுவந்தன. மஞ்சளுக்குப் பாய்ச்சினால் கிடைப்பதைவிட லாரிக்கு விற்றால் கூடுதலாகக் கிடைத்தது. பாசனக் கிணறே தொழிற்சாலையின் மூலப்பொருளாகிவிட்டது. 2000களின் நடுவில் தொலைவிலிருந்து குழாய் வழியே நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் செயலுக்கு வந்த பிறகுதான் லாரிகள் குறைந்தன.

ஒரத்துப்பாளையம் அணையில் என்னதான் நடந்தது?

சென்னிமலைக்கு அருகே, திருப்பூருக்குக் கீழே சுமார் 30 கிலோமீட்டரில், நொய்யலின் குறுக்கே இந்த அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்பது நோக்கம். கட்டியவர்கள் மழைநீரைத் தேக்க நினைத்தார்கள், தேங்கியது சாயக்கழிவு. மேலே தொழில் பெருகிய அதே ஆண்டுகளில் கீழே அணை எழும்பியதால், பாசன அணை சில ஆண்டுகளிலேயே கழிவுத் தொட்டியாகிவிட்டது. எந்த ஆயக்கட்டுக்காக, அதாவது பாசனம் பெற வேண்டிய நிலப்பரப்புக்காக, அணை கட்டப்பட்டதோ, அந்த ஆயக்கட்டு உழவர்களே அணை நீரைத் திறக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. பாசன வரலாற்றில் இப்படி ஒரு கோரிக்கை அரிது.

தேங்கிய உப்புநீர் சும்மா இருப்பதில்லை. அது அணையின் அடியிலும் ஓரங்களிலும் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் ஊறிற்று. அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தது நினைவில் இருக்கிறது. நீர்மட்டம் படிப்படியாக இறங்கிய அடையாளம், உள்சுவரில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருந்தது. மோட்டார் குழாயின் இரும்பு, விரலால் தட்டினாலே ஏடு ஏடாக உதிர்ந்தது. தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிவாகவே இருந்தது. அந்த வீட்டு அம்மா சொன்னது ஒரே வரி: "இந்தத் தண்ணியில பருப்பே வேகறதில்லீங்க." கடினநீரைப் பற்றி எந்த ஆய்வக அறிக்கையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. நெல், வாழை, மஞ்சள் என்று இருந்த நிலங்களில் உப்பைத் தாங்கும் பயிர்கள் மட்டும் மிஞ்சின. சிலர் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு, அதே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள்.

"முதலில் வளரட்டும், பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம்" என்ற வாதம் சரியா?

இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு வளைகோடு இருக்கிறது. சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் வருமானத்துக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள உறவை விளக்கும்போது, நாடு வளரும்போது ஏற்றத்தாழ்வு முதலில் ஏறிப் பிறகு இறங்கும் என்றார். 1990களின் தொடக்கத்தில் ஜீன் குரோஸ்மேன், ஆலன் குரூகர் ஆகிய இருவரும் அதே வடிவத்தைக் காற்று மாசிலும் கண்டார்கள்: தலா வருமானம் ஓர் அளவு வரை ஏறும்போது மாசும் ஏறுகிறது, அதற்கு மேல் இறங்குகிறது. தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணம்போன்ற இந்தக் கோட்டுக்குக் குஸ்நெட்ஸின் பெயரே ஒட்டிக்கொண்டது.

கோடு பொய்யன்று, அதைப் படிக்கும் விதத்தில்தான் பிழை. கந்தக டைஆக்சைடு போன்ற, உடனே மூச்சை அடைக்கும், உள்ளூரிலேயே தெரியும் மாசுகளுக்கு அது ஓரளவு பொருந்துகிறது. கரியமில வாயுவுக்குப் பொருந்தவில்லை. அதன் தீங்கு தூரத்திலும் பின்னாளிலும் விழுவதால் யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. பொருந்தும் இடங்களிலும் கோட்டை இறக்கியது வருமானம் மட்டுமன்று. லண்டனில் 1952 டிசம்பரில் கவிந்த புகைமூட்டத்தில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போதே கணக்கிடப்பட்டது; அதன் பிறகுதான் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அந்த நகரம் 1952க்கு முன்னும் செல்வம் மிக்கதாகத்தான் இருந்தது.

உப்புக்கு இந்தக் கோடு இன்னும் மோசமாகப் பொருந்துகிறது. காற்றில் மாசு விடுவதை நிறுத்தினால் சில நாள்களில் காற்று தெளியும். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய உப்பு, கழிவை நிறுத்திய பின்னும் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். "பிறகு" என்று சொல்பவர் பெரும்பாலும் மேட்டில் இருக்கிறார். காத்திருப்பவர் கடைமடையில் இருக்கிறார். ஒரத்துப்பாளையத்து உழவரின் வருமானம் திருப்பூரின் ஏற்றுமதிக் கோட்டோடு சேர்ந்து ஏறவில்லை என்பதை, சராசரி வருமானத்தை வைத்து வரையும் எந்த வளைகோடும் காட்டாது.

சட்டம் இல்லையா?

இருந்தது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் தொடங்கியது. ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில்கள் வரக்கூடாது என்ற அரசாணை 1989இல் வெளியானது. திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகியது இவையெல்லாம் இருந்த காலத்தில்தான்.

சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியும் ஆறு ஏன் சுத்தமாகவில்லை?

1990களில் நீதிமன்ற நெருக்குதலால் பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. பெரிய பட்டறைகள் தனியாகவும் கட்டிக்கொண்டன. அவை நிறத்தையும் அழுக்கையும் நீக்கும்படி அமைந்தவை. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுச் சாயத்தைக் கசடாகப் படிய வைத்தார்கள். கரைந்த உப்பு அந்த நிலையங்களுக்குள் புகுந்து அப்படியே வெளியே வந்தது. போட்ட இரசாயனங்களால் சற்றுக் கூடவும் செய்தது. ஆக, வெளியே வந்த நீர் முன்பைவிடத் தெளிவாக இருந்தது, ஆனால் பயிருக்கு முன்பைப் போலவே நஞ்சாக இருந்தது. செலவும் செய்து சிக்கலும் தீராமல் போன இந்தப் பத்தாண்டுதான், எல்லாத் தரப்புக்கும் கசப்பை ஏற்றிய காலம். பட்டறைக்காரர் "நாங்கள்தான் கோடிக்கணக்கில் கட்டிவிட்டோமே" என்றார்; உழவர் "எங்கள் கிணறு மாறவில்லையே" என்றார். இருவர் சொன்னதும் உண்மை.

2011இல் எல்லாப் பட்டறைகளும் ஏன் மூடப்பட்டன?

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், பட்டறைகள் 2007 ஜூலை இறுதிக்குள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை செலுத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள்; 2009 அக்டோபரில் அங்கும் இந்த ஆணை நிலைத்தது. கெடு மேல் கெடு கடந்தும் நிலை மாறாததால், நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. ஏறத்தாழ 750 பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சாயம் நின்றால் பின்னலும் தையலும் நிற்கும். வெட்டு மேசைக்குத் துணி வராமல், பவர் டேபிள்கள் என்னும் தையல் இயந்திர வரிசைகள் ஓய்ந்தன. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். சட்டத்தை மீறியவர் பட்டறை உரிமையாளர்; முதலில் சம்பளம் இழந்தவர் அவருடைய பட்டறையில் உப்பு மூட்டை தூக்கியவர். தவணை தவணையாகத் தள்ளிப்போட்ட சீர்திருத்தம் ஒரே நாளில் வந்தால் இப்படித்தான் வரும். இதற்குத் தீர்ப்பைக் குறை சொல்வதைவிட, வீணாய்ப் போன அதற்கு முந்தைய பத்தாண்டுகளைக் குறை சொல்வதே நியாயம்.

ஒரு சொட்டும் வெளியேறாத முறை என்பது எப்படிச் செயல்படுகிறது? அது உண்மையிலேயே பூஜ்யமா?

கழிவுநீரை முதலில் நுண்ணுயிர் கொண்டு சுத்தப்படுத்துகிறார்கள். பிறகு, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுகள் வழியே அழுத்தத்தோடு செலுத்தி, பெரும்பகுதியை நல்ல நீராக எடுத்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இதுவரை எளிது. மிஞ்சுகிற அடர்ந்த உப்புநீரை என்ன செய்வது என்பதில்தான் ஊரே சில ஆண்டுகள் தடுமாறியது. முழுவதையும் கொதிக்க வைத்து ஆவியாக்க எரிபொருளும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். இயந்திரங்களில் உப்பு படிந்து அடிக்கடி அடைத்துக்கொள்ளும். இதற்கு வழி காட்டியது ஓர் எளிய சிந்தனை: சாயமேற்ற உப்புநீர்தானே வேண்டும், அப்படியானால் இந்த உப்புநீரை ஏன் உலர்த்த வேண்டும்? நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டு, அதே உப்புக் கரைசலை அடுத்த தொட்டிக்குப் பயன்படுத்தும் முறை அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. மாநில அரசு 2011இல் பொது நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு காலத்தில் ஆற்றுக்குப் போன உப்பு இப்போது விலை மிச்சமாகத் திரும்பி வருகிறது.

பூஜ்யம் என்ற சொல் நீருக்கு மட்டுமே பொருந்தும். ஆவியாக்கிகளுக்கு நீராவி வேண்டும், அதற்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகின்றன. நீரில் இருந்த சிக்கலின் ஒரு பங்கு காற்றுக்கும் திடக்கழிவுக்கும் இடம் மாறியிருக்கிறது. அதற்காக இது வெறும் இடமாற்றம் என்று ஒதுக்குவதும் சரியன்று: கொட்டகையில் இருக்கும் மூட்டையை எண்ணலாம், எடைபோடலாம், யாருடையது என்று கேட்கலாம். ஆற்றில் கரைந்த உப்பை அப்படிக் கேட்க முடியாது. பாலியெஸ்டர் துணிக்கு உப்பு தேவையில்லை என்பதால் அந்தப் பக்கம் போவதும் தீர்வு என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அதற்குச் சாயமேற்ற 130 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும், துவைக்கும்போதெல்லாம் நெகிழி இழைத்துகள் உதிரும். எந்த மாற்றத்திலும் கணக்கின் இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஓர் ஊரில் கட்டுப்பாடு வந்தால் தொழில் அடுத்த ஊருக்குப் போய்விடாதா?

போயிற்று. 2011க்குப் பிறகு சாயவேலையின் ஒரு பகுதி ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கமும் பிற மாநிலங்களுக்கும் நகர்ந்தது. தோட்டத்துக் கொட்டகைகளில் அனுமதியின்றி இயங்கிய சிறு பட்டறைகள் இன்றும் அவ்வப்போது இடிக்கப்படுகின்றன. நாடுகளுக்கு இடையிலும் இதேதான் நடந்தது. ஐரோப்பியச் சாயத்தொழில் சுருங்கி, அங்கே ஆறுகள் தெளிந்ததற்கு ஒரு காரணம், அந்த வேலை ஆசியாவுக்கு வந்ததுதான். பணக்கார நாடுகளின் வளைகோடு இறங்குவதைப் பாராட்டும்போது, அதே டி-சர்ட்டின் உப்பு எந்த ஆற்றில் கரைந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கொள்முதல் நிறுவனங்கள் சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கின்றன. ஆனால் சுத்திகரிப்புச் செலவைச் சேர்த்து விலை சொன்னால், அந்தச் செலவே இல்லாத இடத்தின் விலையைக் காட்டிப் பேரம் பேசுகின்றன. திருப்பூர் உற்பத்தியாளர்களின் இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது.

உழவர்களுக்கு இழப்பீடு கிடைத்ததா?

தோல் பதனிடும் ஆலைகளால் பாலாற்றுப் படுகை கெட்ட வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளுக்காக எழுந்த அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யலையும் விசாரித்தது. 2004இல் அது 68 கிராமங்களைச் சேர்ந்த 28,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் கீழே. அது பறிபோன விளைச்சலில் ஒரு பகுதிக்கு ஈடாகலாம், கிணற்றுக்கு ஈடாகாது.

இப்போது நொய்யல் சுத்தமாகிவிட்டதா?

சாயக்கழிவு பெருமளவு குறைந்திருக்கிறது, ஆறு சுத்தமாகவில்லை. கோவை, திருப்பூர் ஆகிய இரு நகரங்களின் வீட்டுக் கழிவுநீர் அதில் சேர்கிறது. இதுவும் வளர்ச்சியின் விளைவுதான்: வேலை இருந்ததால் மக்கள் வந்தார்கள், வந்தவர்களுக்கு வீடு எழும்பிய வேகத்தில் பாதாளச் சாக்கடை எழும்பவில்லை. மழை பெய்யும் இரவுகளில் கள்ளத்தனமாகக் கழிவு திறந்துவிடப்படுகிறது என்ற குற்றச்சாட்டும் ஓயவில்லை. மழைக்கு மறுநாள் நுரை மிதக்கும் படங்கள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வருகின்றன. நிலத்தடி உப்பைப் பொறுத்தவரை நல்ல மழை ஆண்டுகள் வந்தால் சற்று நீர்த்துப்போகும், வறட்சியில் மீண்டும் ஏறும்.

எங்கள் கிணற்று நீர் கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரைத் தோய்த்துப் பார்த்தாலே முதல் விடை கிடைத்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். பாசனத்துக்கும் 2,000ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் வாடத் தொடங்கும். தென்னையும் பருத்தியும் இன்னும் சற்றுத் தாங்கும். மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டுமே காட்டும். சோடியம் எவ்வளவு, கன உலோகம் உண்டா என்பதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையத்திலோ கொடுக்க வேண்டும். மாதிரி எடுக்கும் முன் மோட்டாரைப் பதினைந்து நிமிடமாவது ஓடவிட்டு, அந்த நீரிலேயே பாட்டிலை மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு அளவுகளைத் தேதியோடு குறித்து வைத்தால், நான்கைந்து ஆண்டுகளில் கிணற்றின் போக்கு தெரிந்துவிடும். இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்க நேர்ந்தாலும் அந்தக் குறிப்பேடு கை கொடுக்கும்.